கூடத்துக் கம்பியின் மறுமுனை

ஆர்.எஸ்.மங்கலத்தில் அரிசி மில் எஞ்சினைத் துள்ளாமல் அஸ்திவாரத்தோடு இறுக்கியவன் நான். சாயல்குடி உப்பளத்துக் கொட்டகையின் தகரத்தைக் காற்று தூக்கிப் போகாமல் பூட்டியவன் நான். கமுதியில் மாடிக்கடை, பிறகு எனக்கென்று ஒரு வீடு. எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்த ஆள் எழுப்பியவை. ஒரு செங்கல்கூட யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை. ஆனால் நான் முதன்முதலில் நிமிர்த்திய சுவரை மட்டும் யாரும் என் பெயரில் சேர்ப்பதில்லை.

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிய காலம் அது. நான் சின்னப் பையன். என் அக்கா, ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். எங்கள் கடலோர ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, வீட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அந்த வருஷத்து மழையில் கூடத்தின் தெருச்சுவர் வெளியே சாய்ந்து, மூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. வாப்பா கொழும்பில். உம்மா அழுதுகொண்டிருந்தார்.

பாம்பனிலிருந்து மாமா வந்தார். லாஞ்சு எஞ்சின் பழுது பார்க்கிறவர். முழு நீளத்துக்கும் நட்டுத் திருகும் மரை ஓடிய ஒரு கம்பி கொண்டுவந்தார். எஞ்சினைப் படகோடு பிணைக்க அதைத் துண்டு போடுவது வழக்கம். இந்த முறை துண்டு போடவில்லை. கூடத்தின் குறுக்கே விட்டு, இரண்டு சுவருக்கும் வெளியே இரும்புத் தகடு வைத்து நட்டுப் போட்டார். தெருப்பக்கம் அவர் திருகினால் சுவர் உள்ளே வரவேண்டும். மறுமுனை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவேயிருந்த சந்தில். அதற்குள் நுழையக்கூடிய உடம்பு என்னுடையது மட்டும்தான். அங்கே இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று முட்ட இறுக்கி, ஸ்பானரைக் கையில் கொடுத்தார்.

"நீ ஒண்ணும் திருக வேணாம்லே. அசையாமப் பிடிச்சுக்கிட்டு நில்லு, போதும்."

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் மட்டும் திருகுவாராம், நான் சும்மா நிற்பதாம். கொஞ்ச நேரத்தில் ஸ்பானரை விட்டுவிட்டேன். உள்ளே வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ராத்தா கத்தினாள்.

"மாமா, கம்பிதான் சுத்துது, செவுரு வரலை!"

"ஏலே, அங்கன என்ன பண்றே?"

"எறும்பு மாமா!"

"எறும்பு கடிச்சு எவன்லே செத்தான்? செவுரு வரலைன்னா உங்க ராத்தாளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். பிடிலே!"

பிடித்தேன். சுவர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பு மூடியது.

வீடு பார்க்க மாப்பிள்ளை வீட்டு மாமி வந்து அண்ணாந்து பார்த்தார். "இது என்னம்மா, நடுக்கூடத்துல கம்பி?"

"திரை போடத்தான். நிக்காஹ் அன்னைக்கு ஆம்பளைங்க அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம்" என்றார் உம்மா, கண்கூட இமைக்காமல். மாமிக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. அங்கேயே நாள் குறித்தார்கள். அந்தத் திரையும் அந்தக் கம்பியில்தான் தொங்கியது.

கல்யாணம் முடிந்ததும் உம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எந்த ரூம்பும்மா?"

உம்மா சிரித்தார். "ஆம்பளப் பிள்ளைக்கு இங்கன ஏதுடா ரூம்பு? உனக்குப் பொண்டாட்டி வீடு இருக்குல்ல."

எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்தேன்.

கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது. 'பாம்பன் மாமா நிமிர்த்திய சுவர்' என்று ராத்தாவின் பேரன்கள் வருகிறவர்களிடம் காட்டுகிறார்கள். வீடு அவர்களுடையது, பங்கு கேட்டு நான் வரவில்லை. ஆனால் நான் கையை விட்டபோது அந்தச் சுவர் வரவில்லை. இனி காட்டும்போது, மறுமுனையைப் பிடித்தவன் யார் என்றும் சொல்லிக் காட்டட்டும்.