அண்ணாவின் கோபம்

நாற்காலியின் கைப்பிடியில் இடது கையை ஊன்றியபடி, வாய் பாதி திறந்திருக்க, மேடையில் அண்ணா அரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வசனம் வரவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியோடு நின்றிருந்த எனக்கு, அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று இன்றும் சொல்லத் தெரியாது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் உட்கார்ந்தா ஊரே நிக்கும்" என்று எடுத்துக் கொடுத்தேன். கிசுகிசுக்கத்தான் நினைத்தேன், பதற்றத்தில் மூன்றாவது வரிசை வரை கேட்டுவிட்டது. அவர் அதைத் திருப்பிச் சொன்னார். நாடகம் நகர்ந்தது.

சென்ற மாதம் அவர் இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடைத்தாள் திருத்தும்போது பாதியில் எழுந்துவிடுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியே எங்கள் மாரெட்பள்ளித் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் மகள், "அம்மா, கூர்ச்சோ" என்று தெலுங்கில் அதட்டுகிறாள். உட்காருகிறேன். மறுபடி எழுந்துகொள்கிறேன்.

லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். தெலுங்கு பேசும் இந்த ஊரில், எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாதான். பொங்கல் நாடகம் எழுதுவது என் வேலை, அதைத் தூக்கி நிறுத்துவது அவர் வேலை. ஷிப்ட் முடிந்து கிரீஸ் வாசனையோடு சைக்கிளில் ஒத்திகைக்கு வருவார். என் சாதாரண வரிகள்கூட அவர் வாயில் விழுந்தால், இதை நானா எழுதினேன் என்றிருக்கும். தமிழ் பேச மறந்த பிள்ளைகள்கூட அவர் நாடகம் என்றால் மட்டும் பெற்றோரோடு வந்து உட்காருவார்கள்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு மெல்லத் திரும்பியது, ஆனால் சில வார்த்தைகள் ஒளிந்துகொள்ளும். "தண்ணி" என்று சொல்ல வராமல், டம்ளரைக் காட்டிவிட்டு நம்மை முறைப்பார். அவருக்காகவென்றே படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அப்பா வேஷத்தை எழுதி எடுத்துப்போனேன். நான்கு பக்கம் கேட்டவர் இடது கையால் நிறுத்தினார்.

"நக்கோம்மா, வேண்டாம். வீட்டுல... தினம் அதைத்தான் செய்யறேன். மேடையிலயுமா? எனக்குக் கோபக்காரன் வேணும்."

வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழாத ஒரு பண்ணையாரை எழுதினேன். அவருடைய அசையாத கால் திமிராக மாறியது. பொங்கலன்று அரங்கம் அவருக்குப் பயந்தது, சிரித்தது. இடையில்தான் அந்த மௌனம்.

நாடகம் முடிந்து வேஷம் கலைக்கும்போது, என்னைக் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார்: "வந்துட்டு இருந்துச்சு. வாய்ல இருந்ததைப் பிடுங்கிட்டியே. இன்னொரு மூச்சு... பொறுத்திருந்தா வந்திருக்கும்."

ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த மூன்று வருடமும் அவரை வைத்தே நாடகம் எழுதினேன். அவருக்கு வயதாகிவிட்டது, வேறு ஆளைப் போடலாம் என்று சங்கத்தில் சொன்னவர்களோடு சண்டை போட்டேன். மேடையில் அவர் தடுமாறியபோதெல்லாம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். சில சமயம் வார்த்தை வந்தது. வராதபோது சுற்றி வளைத்து வேறொன்றைச் சொன்னார். ஒருமுறை அவராகச் சொன்னது நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணியைப் பார்க்கப் போனேன். அவரது நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. அண்ணி டீ கொடுத்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போன கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, அன்னைக்கு நான் குறுக்கே பேசாம இருந்திருந்தா, அவருக்கு வந்திருக்குமா?"

அண்ணி ஒரு சட்டையை எடுத்து மடித்தார். "வந்திருக்காது. வீட்டுக்கு வந்து அழுதாரு. மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருந்துச்சு, அவ மட்டும் சொல்லலேன்னா அங்கேயே செத்திருப்பேன்னாரு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்புறம் ஏன் ஆறு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு? ஒரு வார்த்தை நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லக் கூடாதுன்னு என் கைல சத்தியம் வாங்கிட்டாரு." அண்ணி சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லியிருந்தா, அடுத்த வருஷம் நீ அவருக்கு வேஷம் குடுத்திருப்பியாம்மா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. "மாட்டேன்" என்றேன். அண்ணியிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.