அரை கிரவுண்டும் எக்ஸ் ஸ்கொயரும்

என் பெண்டாட்டி தபீதாளுக்குக் கணக்கு என்றால் எட்டிக்காய். பத்தாவதில் மற்ற பாடமெல்லாம் பாஸ், கணக்கு மட்டும் இரண்டு தடவை போச்சு. அதற்குள் எங்கள் கல்யாணம் வந்தது, புத்தகம் பரணுக்குப் போனது. பத்து வருஷம் கழித்து, எண்பத்தொன்பதில், தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுத ஆள் தேடினார்கள். ஜூன் மாதத்துக்குள் பத்தாவது பாஸ் சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை அவளுக்குத்தான் என்றார்கள். அன்றைக்கே பரணில் ஏறிவிட்டாள்.

அப்போது நாங்கள் இரண்டு பேரும் மனை அளக்கிற கூலி வேலையில் இருந்தோம். மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்த நேரம். டேப்பின் ஒரு முனை என்னிடம், மறு முனை அவளிடம். அவளை இத்தனை வருஷம் வெயிலில் நிற்கவைத்தது எனக்கு உறுத்தல்தான். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

நான் நாலாவதோடு நின்றவன். வாய் மட்டும் எம்.ஏ. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூர் வீட்டில் புத்தகத்தை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னா ஆச்சு?”

“காரணிப்படுத்தணுமாம். ரெண்டு நம்பர். பெருக்கினா ஆயிரத்து இருநூறு வரணும், கூட்டினா எழுபது வரணும். எங்க போயி தேடுவேன்?”

“இதுக்கா அழுவுற? ஆயிரத்து இருநூறு சதுர அடின்னா அரை கிரவுண்டு மனை. முப்பதுக்கு நாப்பது.”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். x² + 70x + 1200 என்பதன் கீழே (x + 30)(x + 40) என்று எழுதிப் பெருக்கிப் பார்த்தாள். அச்சு அசலாக வந்தது. என்னைக் கட்டிக்கொண்டதில் அவளுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரே பேஜார். குழம்பைக் கிண்டிக்கொண்டே, “பெருக்கினா பன்னண்டு, கூட்டினா ஏழு” என்பாள். “மூணுக்கு நாலு. அதுல கோழிகூட படுக்காது” என்பேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கழித்தல் குறி வந்து நின்றது. x² + 4x − 21.

“மைனஸ்ல மனை எங்கய்யா கீது?”

நானும் கையை விரித்தேன்.

மறுநாள் மேடவாக்கத்தில் ஒரு சதுர மனை. முதலாளி பொன்னுரங்கம் வந்து, “முன்னால ரோட்டுக்கு ரெண்டடி வுடணும். மனைக்காரரு மூஞ்சியத் தூக்கிகினு கீறாரு. பக்கவாட்டுல அஞ்சடி சேத்துக் குடுத்துரு” என்றார்.

தபீதாள் டேப்பைக் கீழே போட்டாள். சுண்ணாம்புத் தூளை அள்ளித் தரையில் (x + 5)(x − 2) என்று எழுதினாள்.

“இன்னாம்மா, கோலம் போட்டுகினு கீற?”

“கணக்கு, முதலாளி.” என் பக்கம் திரும்பினாள். “சதுரத்துக்குப் பக்கம் எக்ஸுன்னு வெச்சிக்க. ஒரு பக்கம் சேக்குறோம், ஒரு பக்கம் வெட்டுறோம். மைனஸ்ல மனை இல்லய்யா, ரோட்டுக்கு வுட்ட மண்ணுதான் மைனஸு. அப்ப அந்த இருபத்தொண்ணுக்கு ஏழு சேரு, மூணு வெட்டு. மிச்சம் நாலு. முடிஞ்சிபோச்சு.”

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பாஸ் என்று தெரிந்துவிட்டது.

ரிசல்ட் பேப்பரைத் தாம்பரம் ஸ்டேஷனில் வாங்கினோம். அவள் நம்பர் இருந்தது. நான் பிளாட்பாரத்திலேயே அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என் முறை வந்தது.

“பேரு?” தலையைத் தூக்கவில்லை.

“யேசுதாசன்.”

பேனா நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வயசு?” என்றாள்.

“உனக்குத் தெரியாதா?”

“உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்ல. நீ எழுதுறத பாக்கலாம்னு வந்தேன்.”

“அதுக்குலாம் சீட்டு கெடையாது. பின்னால ஆள் நிக்குது, தள்ளு.”

தள்ளி நின்று, இன்னும் பத்துப் பேருக்கு அவள் சீட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.