காட்டிலிருந்து வந்த பக்கெட்

போன வாரம் காட்டுக்குப் போய்விட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினி. டாப்ஸ்லிப் பக்கம் டென்ட்டில் தங்கல். யானை பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. செல்போன் டவர் கிடைக்காத இடம் வேண்டும் என்பது என் ஆசை. வீட்டுக்காரருக்கு ஆசையெல்லாம் கிடையாது. டையிங் யூனிட், அதாவது துணிக்குச் சாயம் போடும் பட்டறை, வைத்திருப்பவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

மூன்று பேரும் ஒரே கலர் டி-ஷர்ட். பளீரென்ற எலுமிச்சை மஞ்சள். சிரிக்காதீர்கள்... திருப்பூர்க்காரன் டி-ஷர்ட்டைக் கடையில் வாங்கினால்தான் சொந்தபந்தம் சிரிக்கும். ஆர்டர் கேன்சலாகி எந்தக் கலர் மிஞ்சுகிறதோ, அந்த வருஷம் குடும்பத்துக்கே அதுதான் யூனிஃபார்ம். மாற்றுத் துணிக்குப் பையைத் திறந்தால் உள்ளேயும் மஞ்சள்.

எங்களை அழைத்துப்போக வந்த காட்டு வாட்சர் கண்ணைச் சுருக்கினார்.

"இந்தக் கலர்ல உள்ள உட மாட்டாங்க. மங்கலா ஏதாச்சும் போட்டுக்குங்க, காலைல கூட்டிட்டுப் போறேன்."

யாழினியின் முகம் தொங்கிவிட்டது. உடனே அப்பா பக்கம் திரும்பினாள். எந்தக் கலர் கேட்டாலும் எங்கப்பா கொண்டுவந்துவிடுவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள் அவள்.

அந்த மனுஷனுக்கு இது போதாதா? கேம்ப் சமையல்காரரிடம் பெரிய குண்டாவும் ஒரு பாக்கெட் டீத்தூளும் வாங்கினார். டிகாக்‌ஷன் கொதித்ததும் துருப்பிடித்த டென்ட் ஆணிகளை உள்ளே போட்டார். "இரும்பு சேர்ந்தாத்தான் கண்ணு ஷேடு கருக்கும்" என்று பாடம் வேறு. கொஞ்ச நேரத்தில் மூன்று டி-ஷர்ட்டும் சேற்று நிறத்துக்கு வந்துவிட்டன. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது – வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மிச்சத் தண்ணியைப் பக்கெட்டில் ஊற்றித் தூக்கிக்கொண்டு நேராக ஓடைப் பக்கம் நடந்தார். யோசிக்கவே இல்லை... கால் தானாகப் போனது. வாட்சர் குறுக்கே வந்து நின்றார்.

"எங்கீங்க போறீங்க?"

"வெறும் டீத்தண்ணிதானுங்க."

"எந்த ஊருங்க?"

"திருப்பூருங்க."

"என்ன தொழிலுங்க?"

"டையிங்குங்க."

வாட்சர் பக்கெட்டைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"இந்த ஓடையவாச்சும் உட்டுருங்க சாமி."

கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், அதுதான் காட்டுக்குள் சட்டமாம். அன்றைக்கு டென்ட்டில் நான்காவது ஆளாகப் பக்கெட்டும் படுத்தது.

காலையில் ஈர டி-ஷர்ட்டோடு வாட்சர் பின்னால் போனோம். அதே ஓடையில், கொஞ்சம் மேலே, ஒரு யானை குட்டியோடு தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. யாழினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கும்தான் – கேட்டதற்கு டீத்தூள் நெடி என்று சமாளித்தார்.

திரும்பும்போது ஆம்னி வேனில் பக்கெட்டைக் காலிடுக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தது யாழினிதான். ஊருக்குள் நுழைந்ததும் நொய்யல் ஆற்றுப் பாலத்தில் வீட்டுக்காரர் வேனை ஓரம் கட்டினார். இறங்கி வந்து பக்கெட்டுக்குக் கை நீட்டினார். யாழினி பிடியை விடவில்லை.

"குடு கண்ணு, ஊத்திட்டுப் போயிரலாம்."

"இங்க ஆனை வராதுங்கறதுனாலயாப்பா?"

நான் எட்டி ஆற்றைப் பார்த்தேன். எங்கள் டீத்தண்ணியைவிடக் கறுப்பாகக் கிடந்தது. ஊற்றியிருந்தால் ஆறு கொஞ்சம் தெளிந்துகூட இருக்கும்! ஆனால், சிரிக்க முடியவில்லை. மகள் பதிலுக்காக அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கெட் வீட்டுக்கு வந்தது.

அதோடு விட்டாளா? அப்பாவின் யூனிட்டில் மிச்சத் தண்ணியை எங்கே ஊற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். தினமும் காலையில் கேட்கிறாள்.

அவரும் தினமும், யூனிட்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "இன்னிக்கு யூனிட் லீவு கண்ணு" என்கிறார்.