நாற்காலிக்கு அடியில் இருந்த முகவரி

ஸ்பேனர் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். வீல்சேர் பழுது பார்ப்பவள். வேலை முடிந்ததும் இருக்கைக்கு அடியில் விரல் அகலத்தில் ஒரு தகட்டைத் திருகிவிடுவாள். அதில் தன் வெப்சைட் முகவரியை எழுத்தெழுத்தாகச் சுத்தியலால் தட்டிப் பதித்திருப்பாள். வண்டி மக்கர் செய்தால் வீட்டார் தகட்டைப் பார்த்து, வெப்சைட்டில் இருக்கும் நம்பரில் அவளைக் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக இதுதான் வழக்கம்.

"போன் நம்பர் மாறும், கடை மாறும், இது மாறாதுக்கா" என்று அந்த முகவரியை இணையத்தில் பதிவு செய்து கொடுத்தவன் அவள் தம்பி. படிவம் என்றாலே அவளுக்கு வேப்பங்காய். எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தாள். அவன் சொன்னால் மறுபேச்சே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை வெப்சைட் திறக்கவில்லை. பதிவு நிறுவனத்துக்கு போன் போட்டாள்.

"உரிமையாளர் மெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி பதினஞ்சு நாளா கேட்டோம் மேடம். பதில் வரல. அதான் முடக்கிட்டோம்."

"அப்ப நான் வேற கம்பெனிக்கு மாத்திக்கிறேன்."

"முதல்ல அந்த மெயிலை உறுதிப்படுத்தணும். அப்புறம் மாத்தறதுக்கு ஒரு ரகசியக் குறியீடு வரும். அதுவும் உரிமையாளர் மெயிலுக்குத்தான் போகும்."

"நான்தானே உரிமையாளர்?"

"இல்லீங்களே மேடம்" என்று அந்தப் பெண் ஒரு பெயரைச் சொன்னாள். தம்பியின் பெயர்.

அப்போதும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, பாருங்கள். மறதிக்காரன், மெயிலைப் பார்த்திருக்க மாட்டான் என்று கிரீஸ் கையோடு அவன் வீட்டுக்குப் போய் நின்றாள். அவன் லேப்டாப்பைத் திறக்கவே தயங்கினான். திறந்ததும், படிக்காத மெயில்கள் தடித்த எழுத்தில் இருந்தன. பதிவு நிறுவனம் அனுப்பிய நினைவூட்டல்கள் ஏழும் மெலிந்த எழுத்தில் இருந்தன. ஏழையும் படித்திருக்கிறான்.

அவற்றுக்குக் கீழே ஊரின் பெரிய வீல்சேர் கம்பெனியிலிருந்து ஒரு மெயில்: 'உங்கள் அக்கா கைவிட்டதும் முகவரியை எங்களுக்கு மாற்றிக் கொடுங்கள். மேனேஜர் வேலை உங்களுக்குத்தான்.'

"இந்த முகவரி செயலிழந்துபோனா நீயே புதுசா ஒண்ணு வாங்கிக்குவேன்னு நெனச்சேன்க்கா. உனக்குத் தெரியவே தெரியாதுன்னு..."

"நான் அடிச்ச தகடெல்லாம் எவன் வாசல்ல போய் நிக்கும்டா?"

கம்பெனிக்காரன் வெளியாள், வாய் விட்டுக் கேட்டான். கேட்காமல் கழுத்தை அறுத்தது கூடப் பிறந்தவன்.

"உறுதிப்படுத்துற பட்டனை அமுக்கு. குறியீட்டை வாங்கு."

அவன் அமுக்கினான். குறியீடு மெயிலில் வந்தது. அவள் போனில் புதிய பதிவு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் முதல் முறையாகத் தன் பெயரைத் தானே அடித்தாள். அவன் பதினாறு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக வாசித்தான். அவள் அடித்து முடித்தாள். அனுப்பும் பட்டனுக்கு மேலே விரல் நின்றுவிட்டது.

"திரையை இந்தப் பக்கம் திருப்பு."

அவன் முகம் வெளுத்தது. திருப்பினான். அவள் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள்.

அத்தனையும் சரியாகத்தான் வாசித்திருந்தான். அனுப்பிவிட்டுப் படியிறங்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.