குரு பார்த்தால் கூடையில் பந்து

பொழிச்சலூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை எந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்துக் கம்பம் நின்றாலும் ஒரு நிமிடம் பாருங்கள். பாதிக்கு மேல் என் பட்டறையில் வெல்டிங் அடித்தவை. அனகாபுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து காம்பவுண்டுச் சுவரையே தள்ளிக்கொண்டு போனது. என் கம்பம் மட்டும் தண்ணீருக்கு நடுவே ஜம்மென்று நின்றது. என் படிப்போ ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன்.

அப்பேர்ப்பட்ட என்னைத்தான் என் மகள் வேலை பார்க்கும் கான்வென்ட்டில் புதுக் கூடைப்பந்துத் தளத்தைத் திறந்துவைக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு கம்பமும் நான் இனாமாகக் கொடுத்தவை. தலைமை ஆசிரியையான சிஸ்டர், "விளையாட்டையும் சயின்ஸையும் சேர்த்து நாலு வார்த்தை பேசுங்க சார்" என்றார். என் மகள் அங்கே சயின்ஸ் டீச்சர். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அப்பா, ஸ்டாஃப் ரூம்ல இப்பதான் என்னை ஒரு ஆளா மதிக்க ஆரம்பிச்சிருக்காங்க. மேடையில ஏதாவது உளறி என் மானத்த வாங்கிடாதீங்க, ப்ளீஸ்."

"வெல்டிங்ல வுடாத மானத்த மைக்லயா வுடப் போறேன்?" என்றேன்.

என்ன பேசுவது என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். பெரிய பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் கிரகங்களோடு ஒப்பிட வேண்டும். கிரகம் எட்டு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி. மீதி இரண்டுக்கும் இங்கிலீஷ் பேர்தான். கிரகம் அவள் பொறுப்பு, ஆட்டக்காரர்கள் என் பொறுப்பு.

இத்தனை வருடம் வளையம் செய்தேனே தவிர, அதில் பந்து விழுவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. எனவே அமெரிக்காக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் ஆட்டத்தை டிவியில் போட்டேன். அவர்கள் ராத்திரி ஆடுவது நமக்கு இட்லி நேரத்தில் வரும். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்காருவாள்.

ஏழடிக்காரன் ஒருவன் இருந்தான். மலை மாதிரி உடம்பு. "இன்னாங்க, தூக்கத்துல எழுந்து வந்தவன் மாதிரி கீறான்" என்றாள். ஆனால் அவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம் நிற்பவனுக்குப் பந்து வரும், பந்து வந்தால் பாயிண்டு. குரு பார்க்கக் கோடி நன்மை. அவன்தான் வியாழன் என்று முடிவு செய்தேன். குள்ளமாக, கால் தரையில் படாமல் ஓடியவன் புதன். உள்ளே வரும்போதே கல்யாண மாப்பிள்ளை போலக் கோட்டும் கண்ணாடியுமாக வந்தவன் வெள்ளி. நடுவரோடு முறைத்துக்கொண்டு வெளியே அனுப்பப்பட்டவன் செவ்வாய். "செவ்வா தோசம்தான். இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று மனைவியும் ஒப்புக்கொண்டாள். எதிராளி எங்கே போனாலும் விடாமல் ஒட்டிக்கொண்ட கிழட்டு ஆட்டக்காரனைப் பார்த்ததும் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்: "ஏழரை!"

ஒரு சனிக்கிழமை காலையில் விழா. முன்வரிசையில் சிஸ்டர்கள், அவர்களுக்குப் பின்னால் டீச்சர்கள். அங்கிருந்து என் மகள் கண்ணாலேயே 'எட்டு, எட்டு' என்றாள்.

சனிக்கிழமை தவறாமல் கோயிலில் நவக்கிரகம் சுற்றுகிறவன் நான். அன்றும் சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும், வாய் மகள் சொன்ன வரிசையை விட்டுவிட்டுக் கால் பழகிய வரிசையில் போய்விட்டது.

"ஒன்பது கிரகத்துல முதல்ல சூரியன்" என்று கணீரென்று ஆரம்பித்தேன்.

"சார், சூரியன் ஸ்டார்!" என்று ஒரு பெண் கத்தினாள். "எட்டுதான் சார்!" என்று ஒரு வரிசையே கத்தியது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்வாங்குகிற ஆளா நான்? "சூரியன்தாம்மா கோச். நடுவுல நின்னு எரிஞ்சு விழுவாரு, மத்தவங்க அவரச் சுத்தி ஓடணும். ராகு, கேது யாரு? பந்த முழுங்கறவங்க. கைக்கு வந்துச்சுன்னா கிரகணம்தான், திரும்ப வராது."

"அப்ப பூமி எங்க சார்?"

"நீ நிக்கற தரைதான் கண்ணு. அதுல தட்டினாத்தானே பந்து எழும்பும்?"

சிரிப்பில் பந்தலே ஆடியது. எனக்குச் சூடு பிடித்துவிட்டது. "கோயில்ல ஒன்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கினு நிப்பாங்க. ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்க மாட்டாங்க. பெரிய ஆட்டக்காரனும் அப்படித்தான். கிழக்கால பாத்துக்கினே மேற்கால பந்து குடுப்பான். திரும்பிப் பாக்க வேணாம், யார் எங்க நிப்பாங்கன்னு தெரிஞ்சாப் போதும். அதான் டீமு!"

கைதட்டல் அடங்கியதும் சிஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "கோயில் கணக்கு எனக்குத் தெரியாது. சயின்ஸ் மிஸ், நீங்க சொல்லுங்க. எட்டா, ஒன்பதா?"

மைதானம் மொத்தமும் என் மகளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"எட்டுதான் சிஸ்டர். சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள். ராகு, கேதுன்னு பொருளே வானத்துல கிடையாது. சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கிற ரெண்டு இடம், அவ்வளவுதான். அப்பா சொன்னது தப்பு." உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "ஆட்டக்காரங்களப் பத்திச் சொன்னது மட்டும் சரி."

எனக்கு விழுந்ததைவிட அவளுக்குக் கைதட்டல் அதிகம். சக டீச்சர்களும் தட்டினார்கள். சபை நடுவில் அப்பனைத் திருத்தும் பெண் எத்தனை வீட்டில் உண்டு? அதுவும் என் வெல்டிங்தான்.

ஆனால் நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள், "நவக்கிரகம் மிஸ், பை!" என்று நாலு பிள்ளைகள் கூவிவிட்டார்கள். வண்டியில் வீடு வரும்வரை அவள் கடைப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் டிவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிவி ஓடவே இல்லை. மனைவி அடுப்பைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இனிமே அந்த ஸ்கூல்ல இருக்கிறவரைக்கும் அதான் என் பேரு" என்றாள், டிவியிடம்.

சோற்றில் குழி பறித்துவிட்டு, ரசம் எங்கே என்று இடக்கையை நீட்டினேன். மகள் தலையைத் திருப்பவில்லை. ஆனால் ரசக் கிண்ணம் மேசைமேல் வழுக்கிக்கொண்டு வந்து சரியாக என் விரல்களுக்கு நடுவே நின்றது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அடுப்பைப் பார்த்தபடியே மனைவி சொன்னாள்: "பாயிண்டு!"

டிவிப் பக்கம் திரும்பியிருந்த தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்க அவளுக்கு எப்போதுமே தெரியாது.