எனக்குப் பின்னால் யாரும் இல்லை

நான் பாகூர்க்காரன். மார்கழி விடியலில் கரும்புத் தோகையை நனைக்கும் பனிதான் எனக்குத் தெரிந்த பனி. எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி மாணவர்களுக்கான அகில இந்தியப் பனிச்சறுக்குப் போட்டிக்கு எங்களில் இருவரை அனுப்பினார்கள். தெற்கிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்ததாம். நெடுந்தூரம் ஓடக்கூடியவர்கள் என்று நானும், சுத்துக்கேணியிலிருந்து பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழனும் தேர்வானோம். போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் விடியலில் ஓடுகிறவன் அவன்.

காஷ்மீரில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் போட்டி ஒரு வகை. அதில் எங்களை ஒரு நாள் பார்த்ததுமே பயிற்சியாளர் தலையை ஆட்டிவிட்டார். காட்டுப் பாதையில் மேடும் பள்ளமுமாகப் பத்து கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே ஓடுவது இன்னொரு வகை. அதில் எங்கள் பெயர்களைச் சேர்த்தார்கள். காலில் ஆளுயரப் பலகை இரண்டு, கையில் ஊன்றுகோல் இரண்டு. பத்து நாளும் விழுந்து எழுந்தோம். மலைநாட்டு மாணவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஊரில் மாலையோடு வழியனுப்பியிருந்தார்கள். கடைசி ஆளாக மட்டும் வரக்கூடாது என்ற ஒன்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போட்டியன்று நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். அவன் கடைசிக்கு முந்தியவன். நான் கடைசி.

பாதி தூரத்துக்கு மேல் ஒரு திருப்பத்தில் அவன் விழுந்து கிடந்தான். பலகை ஒரு மரத்தின் வேரில் சிக்கி, கால் அதோடு முறுக்கிக்கொண்டிருந்தது.

“டேய், கையக் குடுடா. காலு மாட்டிக்கினு கீது” என்றான்.

நான் வேகத்தைக் குறைத்தேன். நிற்கவில்லை.

“பின்னால ஆளுங்க வராங்கடா” என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போனேன்.

பின்னால் யாரும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மறுபடி கூப்பிடவில்லை.

எல்லைக்கோட்டைத் தொட்டதுமாவது சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்குகிறவனைப் போலக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தவர் வந்து கேட்ட பிறகுதான் காட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். ராணுவ வீரர்கள் போய் அவனைச் சறுக்குக் கட்டிலில் வைத்து இழுத்து வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கணுக்காலில் எலும்பு முறிவு. மாலையில் ஒட்டிய முடிவுப் பட்டியலில் எனக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. நான் விரும்பியபடியே.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் அவனுடைய அப்பா இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு கட்டு கரும்பு. வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீதான் எம்புள்ளயத் தோள்ல தாங்கிக்கினு வந்தியாமே. நீ இல்லன்னா அவன் அங்கியே வெறச்சிப் பூட்டிருப்பான்பா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அதுதான் உண்மை. ஆனால் அவர் அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். “பெத்தா இப்படிப் பெக்கணும்” என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே சுத்துக்கேணிக்குப் போனேன். மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“பின்ன இன்னா சொல்லச் சொல்ற?” என்றான். “ஊர்லேர்ந்து போனதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் இன்னொருத்தன வுட்டுட்டுப் பூட்டான்னு எங்கப்பாகிட்ட சொல்லணுமா? எனக்கு வாயி வரலடா.”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கால் நேராகக் கூடவில்லை. மறு வருடம் போலீஸ் தேர்வில் ஓட்டத்திலேயே அவனைக் கழித்துவிட்டார்கள். அப்பாவோடு கரும்புக்குப் போய்விட்டான்.

சில ஆண்டுகள் கழித்து அவன் தங்கையின் கல்யாணத்துக்கு அவனுடைய அப்பாவே நேரில் வந்து அழைத்தார். போகாமலிருக்க முடியவில்லை. பந்தியில் என்னை முதல் இலையில் உட்கார வைத்து, பக்கத்தில் இருந்த சம்பந்தியிடம் பனியில் நடந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். சாம்பார் வாளியோடு அவன் காலைச் சாய்த்துச் சாய்த்து வரிசையில் வந்துகொண்டிருந்தான். கதை முடிவதற்குள் என் இலைக்கு வந்துவிட்டான். அவன் காதிலும் விழுந்திருக்கும்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாடா?” என்றான்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.