இரண்டரை அடி உயரம்

எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆணியில், பதிமூன்று வருடங்களாக ஒரு பிளாஸ்டிக் குழாய் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்துவது. உள்ளே தண்ணீரை நிரப்பி இரண்டு முனைகளையும் இரண்டு இடங்களில் பிடித்தால், நடுவில் சுவரோ தெருவோ எது இருந்தாலும், தண்ணீர் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். வாங்கியபோது கண்ணாடி போல இருந்தது. இப்போது எலுமிச்சைப் பழத்தின் நிறம். இன்று காலை அதை எடுத்து உதறினேன். அறுபத்தேழு வயதில், முதல் நாள் வேலைக்குப் போகிறவனைப் போல இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். "என்னங்க, விழுந்து வைக்காதீங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள்.

பக்கத்து வீட்டுக் காகு புது வீடு கட்டுகிறார். அதற்குத்தான் இந்தப் பரபரப்பு. காகு என்றால் மராத்தியில் சித்தி. சந்து முழுவதற்கும் அவர் காகுதான். அவருக்கு நான் 'பாவூ', அதாவது அண்ணன். இந்த அண்ணன் அவருக்குச் செய்ததை இன்று காலை வரை யாரிடமும் சொன்னதில்லை.

திருச்சியிலிருந்து புனேவுக்கு வந்து, ராணுவக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். யார் யாரோ குடியிருக்கும் வீடுகளையெல்லாம் வரைந்துவிட்டு, ஐம்பத்து நான்காவது வயதில், தொண்ணூற்றாறில்தான், எனக்கென்று ஒரு வீடு வரைந்தேன். விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி சாலையை விட்டு உள்ளே போகும் சந்தில் மனை. அங்கே அப்போது பதினோரு வீடுகள் இருந்தன. எல்லாம் ஒற்றைத் தளம். பாதிக்கு மேல் தகரக் கூரை. காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே கருங்கற்கள். காகுவின் வீடு தபால்காரராக இருந்த அவர் கணவர் விடுமுறை நாட்களில் தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கட்டியது. வாசலில் ஒரே ஒரு படி.

அந்த நாட்களின் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! அலுவலகம் விட்டதும் ஸ்கூட்டர் தானாகவே மனைக்குத் திரும்பும். ஈரச் சுவரின் வாசனைக்காகவே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவேன். சந்தின் முதல் மாடி வீடு, முதல் கிரானைட் படி, முதல் கார் நிறுத்துமிடம். கார் மட்டும்தான் இல்லை. கடைசி வரை வாங்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தில் மேலும் கீழும் நடந்து ஒவ்வொரு வீட்டின் படிகளையும் எண்ணுவேன். அவர்களுக்கு ஒன்று, இரண்டு. எனக்கு ஐந்து வரப்போகிறது. "நீங்க வீடு கட்டறீங்களா, சந்துல பந்தயம் விடறீங்களா?" என்று மனைவி கேட்டாள். நான் சிரித்தேன். பந்தயம்தான்.

வீட்டின் அடித்தளமான பேஸ்மட்டத்தின் உயரத்தை முடிவு செய்ய வேண்டிய நாளில் காகுவைக் கூப்பிட்டேன். குழாயின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, "அந்தப் பக்கத்தை உங்க வாசப்படில பிடிங்க காகு" என்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"எதுக்கு பாவூ இது?"

"உங்க வீட்டுக்கு மழைத்தண்ணி வந்துடக் கூடாதில்ல, அதுக்குத்தான்."

பொய். அவருடைய வாசற்படி எவ்வளவு தாழ்வு என்று பார்த்து, அதிலிருந்து இரண்டரை அடி ஏற்றி என் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு உசரமா? அப்போ தண்ணி எங்க போகும்?"

"சாக்கடைக்குப் போயிடும், காகு."

இதுதான் பெரிய பொய். இரண்டு மனைகளுக்கும் நடுவே என் பக்கத்தில் ஒன்றரை அடி வாய்க்காலை வரைபடத்தில் நானே போட்டிருந்தேன். இல்லாத காருக்கு இடம் போதவில்லை என்று நானே ரப்பரால் அழித்தேன். வேறு யாராவது அப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். படித்தவன், தெரிந்தே செய்தேன்.

அடுத்த ஜூனில் முதல் பெருமழையில் என் முற்றத்துத் தண்ணீர் முழுவதும் சரிந்து காகுவின் வீட்டுக்குள் போனது. அந்த ஊர் வழக்கப்படி கோடையிலேயே வருடம் முழுவதற்குமான கோதுமையை வாங்கி, வெயிலில் காய வைத்து, மூட்டை கட்டி வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு கைப்பிடி கோதுமையைக் கொண்டுவந்து என் கிரானைட் படியில் போட்டார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை.

"இந்தா பாவூ, உங்க வீட்டுத் தண்ணில விளைஞ்சது. மதராஸ்ல இதைச் சமைப்பீங்களா?"

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஐந்தாவது படியில் நின்றபடி சொன்னேன்: "உங்க வீடு பள்ளத்துல இருக்கு காகு. அதுக்கு நான் என்ன பண்றது?"

அவர் தன் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் திண்டு கட்டிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் அதைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே போனார். வயதானபின் சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். மாடியிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அவர் மகன் மென்பொருள் வேலையில் நன்றாக இருக்கிறான். பழைய வீட்டை இடித்தாயிற்று. "அங்கிள், பேஸ்மட்டத்துக்கு நீங்க வந்து மட்டம் பாத்துக் குடுங்க" என்று நேற்று அவனே வந்து கேட்டான். இரவெல்லாம் தூங்கவில்லை.

காலையில் குழாயின் ஒரு முனையை என் முற்றத்துத் தரையில் நான் பிடித்தேன். மறுமுனையை அவர்கள் கொத்தனார் பிடித்தார். காகு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதே சொல்லிவிட்டேன். அன்று எதற்காக அளந்தேன் என்பதை, வாய்க்காலை அழித்ததை, எல்லாவற்றையும் என் உடைந்த மராத்தியில்.

"பதிமூணு வருஷமா இதை வயித்துல வெச்சுக்கிட்டு எப்படி பாவூ சோறு எறங்குச்சு?" என்றார் காகு. பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார்: "அவங்க தரைலேருந்து மூணு அடி ஏத்திக் கோடு போடு."

மூன்று அடி. என் வீடு பள்ளமாகப் போகிறது. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கொத்தனார் கோடு போட்டு முடித்ததும் காகு கேட்டார்: "சரி, இவங்க வீட்டுத் தண்ணி எங்க போகும்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் ஆயி" என்றார் கொத்தனார். ஆயி என்றால் அம்மா.

"அப்புறம் என்ன அப்புறம்? முதல்ல வாய்க்கால வெட்டு. நம்ம பக்கத்துல ஒன்றரை அடி விடு. பேஸ்மட்டம் அதுக்குப் பின்னாலதான்."

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே சுண்ணாம்புப் பொடியால் காகுவின் மண்ணில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். வாய்க்காலின் மட்டத்துக்காக மறுபடியும் குழாயை எடுத்தார். நான் என் முனையை இரண்டு கைகளாலும் பிடித்தேன்.

"சாஹேப், ஆட்டாதீங்க" என்று அங்கிருந்து கத்தினார். "தண்ணி நிக்க மாட்டேங்குது."